குப்பிக்குள் இருந்த கொம்பு

தாயி,

உன் கடிதம் நேற்று மதியத் தபாலில் வந்தது. படித்து மடித்து வைத்தேன். மறுபடி பிரித்துப் படித்தேன். கிணற்றிலிருந்து தூக்கிவந்த அந்தப் பெண்ணின் கழுத்தில் நீ பார்த்த தடங்களைப் பற்றி எழுதியிருந்தாய். அவள் தானாகக் குதித்துவிட்டாள் என்று புருஷன் வீட்டார் சொல்வதையும், அவர்கள் அனுப்பிய இரண்டு பேர் உன் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று, "டாக்டரம்மா, தனியா இருக்கீக, பாத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனதையும் எழுதியிருந்தாய். திங்கட்கிழமைக்குள் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன்பே வேலையை ராஜினாமா செய்துவிட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்துவிடட்டுமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். நான் ஒரு கார்டை எடுத்து "உடனே வந்துவிடு" என்று எழுதினேன். உன் அம்மா அதை வாங்கிப் படித்தாள், கிழித்தாள், அடுப்பில் போட்டாள். "ராமு சங்கதிய எழுதுங்க. முழுசா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

உன் தாய்மாமன் ராமுவை மாடு முட்டிக் கொன்றது என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அன்று நீ எங்களோடு இல்லை. உனக்கு அம்மை போட்டிருந்ததால் உன்னை என் அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் பொங்கலுக்கு வடமதுரைப் பக்கம் உன் அம்மாவின் ஊருக்குப் போயிருந்தோம். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். அன்று நடந்ததை இந்த வீட்டில் நாங்கள் வாய்விட்டுப் பேசியதே இல்லை. பேசினால் உன் அம்மாவுக்கு ஆகாது என்று நான் நினைத்திருந்தேன். எனக்குத்தான் ஆகாது என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு முன் நம் கூடத்து அலமாரியில் இருக்கும் புதைபடிவக் கற்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவை இல்லாமல் எனக்கு எதையும் யோசிக்கத் தெரியாது. நீ சின்னவளாக இருந்தபோது ஒரு சுறாப் பல்லை எடுத்து விரலைக் கிழித்துக்கொண்டாய், நினைவிருக்கிறதா? கடல் இருந்த இடம் வயலாகி, அந்த வயலும் வெடித்துக் கிடந்த பூமியிலிருந்து நான் பொறுக்கிவந்த பல் அது. எத்தனையோ யுகங்களாகக் கல்லாகக் கிடந்தும் அதன் ஓரம் ரம்பம்போல அறுத்தது. தட்டையாக, ஓரத்தில் ரம்பப் பல்லோடு இருந்தால் அது சதையை அறுத்தெடுக்கும் பல். உருண்டையாகக் கூம்பி இருந்தால் அது குத்திப் பிடிக்கும் பல். பிடிக்கும் பல்லால் அறுக்க முடியாது. ஓர் உருவம் எந்த வேலையைச் செய்திருக்க முடியாது என்பதை அந்த உருவமே ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடும். எந்த வேலையைச் செய்தது என்று அது சொல்லாது. அதற்குத் தேய்மானத்தையும் கடிபட்ட இடத்தையும் பார்க்க வேண்டும். களிமண் பலகையில் பதிந்த அந்த இலையை எடுத்துக்கொள். அதன் ஓரத்தைப் பூச்சி தின்றிருக்கிறது. தின்ற விளிம்பு தடித்திருக்கிறது. அப்படியென்றால் கடிபட்டபோது அந்த இலை உயிரோடு மரத்தில் இருந்தது; கடித்த பிறகும் சில நாள் வாழ்ந்து தன் காயத்தை மூடப் பார்த்தது. உதிர்ந்த சருகைத் தின்றிருந்தால் விளிம்பு தடித்திருக்காது. அந்தப் பெண்ணின் கழுத்துத் தடங்களுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த இலைதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு கல், ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் சுருண்ட சிப்பி. அம்மோனைட் என்று நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பள்ளத்தில் கிடைத்தது. வழவழப்பாக இருக்கும். உடம்பு இவ்வளவு வழவழப்பாக இருந்தால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேகமாக நீந்தியிருக்கும் என்று பல வருஷம் வகுப்பில் நடத்தினேன். பிறகு அதே இனத்தில் இன்னொன்று கிடைத்தது. அதில் ஒரு பக்கம் ஓடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, ஓடு முழுக்க முள். என்னிடம் இருந்தது ஓடே இல்லை. ஓட்டுக்குள் சேறு புகுந்து இறுகி, பிறகு ஓடு கரைந்துபோய் மிஞ்சிய அச்சு. நான் சேற்றின் உருவத்தைப் பார்த்து அந்தப் பிராணியின் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்த உருவத்தைப் பார்த்தாலும், இது எதற்குப் பயன்பட்டது என்று கேட்பதற்கு முன்னால், அன்று இது இப்படித்தான் இருந்ததா என்று கேட்கப் பழகிக்கொண்டேன். இவ்வளவுதான் என் படிப்பு. மிச்சமெல்லாம் பேர் மனப்பாடம்.

அன்று மாட்டுப் பொங்கல். உன் தாத்தா வீட்டில் செவலைக்காளை ஒன்று இருந்தது. கன்றிலிருந்து அவர் கையால் வளர்ந்தது. அந்த வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும்: அன்று காலையில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைக் கத்தியால் சீவிக் கூராக்கி, சிவப்பு வர்ணம் பூசி, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டுவார்கள். எலுமிச்சம்பழம்போல் உருண்ட குப்பி. ராமு கத்தியையும் வர்ண டப்பாவையும் எடுத்துக்கொண்டு செவலையைத் தோட்டத்துக் கிணற்றடிக்கு ஓட்டிப் போனான். போகும்போது என்னைப் பார்த்து, "அத்தான், ஒங்க கல்லெல்லாம் இந்தப் பொங்கலுக்காச்சும் முட்டையிடுமா?" என்று கேட்டான். எப்போதும் கேட்பதுதான். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் செவலை தனியாக வீட்டுக்கு வந்தது. கொம்பிலிருந்து நெற்றிவரை சிவப்பு வழிந்திருந்தது. "பயபுள்ள வர்ணத்தப் பூசுனானா, ஊத்துனானா? இம்புட்டையும் வீணாக்கிப்புட்டான்" என்று உன் தாத்தா முணுமுணுத்துக்கொண்டே தொட்டித் தண்ணீரை மொண்டு, வைக்கோலால் தேய்த்துத் தேய்த்து அதைக் கழுவியது என் காதிலும் கண்ணிலும் பட்டது. மகன் டப்பாவை மூடிவிட்டுப் பின்னால் வருவான், வந்ததும் மறுபடி பூசிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். கொம்பைத் துடைத்துக் குப்பிகளை மாட்டினார். கழுத்தில் மாலை போட்டார். செவலை ஏனோ நிற்காமல் தலையை உதறிக்கொண்டே இருந்தது.

பிறகுதான் கூச்சல் கேட்டது. ராமுவைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். உயிர் போய்விட்டிருந்தது. தொப்புளுக்கு மேலே ஒரு காயம். அந்தக் காயத்தை நான் பார்த்தேன், தாயி. பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. வாய் உருண்டை. உள்ளே நேராகப் போகாமல் நெஞ்சை நோக்கி மேலே ஏறியிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த பச்சைக்கரைத் துண்டின் ஒரு மடிப்பு காயத்துக்குள்ளேயே சொருகியிருந்தது. உன் அம்மா தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

அவனைத் தூக்கி வந்தவர்களுக்குப் பின்னாலேயே மலைச்சாமியை இழுத்து வந்தார்கள். அவன் பங்காளி, பக்கத்துத் தோட்டக்காரன். ஒரே கிணற்றில் இரண்டு தோட்டத்துக்கும் முறைவைத்துத் தண்ணீர். முந்தின நாள் சாயங்காலம் அந்த முறையில் தகராறு வந்து, டீக்கடையில் பத்துப் பேர் கேட்க, "அவன் கொடல உருவி வரப்புல காயப்போடுறேன்" என்று சொல்லியிருந்தான். அன்றைக்குக் கையிலும் சட்டையிலும் ரத்தத்தோடு, இடுப்பில் அரிவாளோடு கிணற்றடியிலிருந்து ஓடியதை ஊரே பார்த்திருக்கிறது. தூக்கிப் பார்த்தேன், செத்துக்கிட்டிருந்தான், பயந்து ஓடினேன் என்று அவன் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. வேப்பமரத்தில் கட்டினார்கள். ராமுவின் சித்தப்பா மகன் வீரணன் வண்டி முளைக்குச்சியை உருவி வந்து முகத்தில் அடித்தான். முதல் அடியிலேயே பற்கள் தெறித்தன. அடுத்து விலா. மரக்கிளை முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பெண்கள் சாணியை அள்ளி அவன் வாயில் திணித்தார்கள். போலீஸுக்கு வடமதுரைக்குச் சைக்கிளில் ஆள் போயிருந்தது. அவர்கள் வருவதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று வீரணன் சொன்னான். மலைச்சாமியின் அரிவாளாலேயே அவன் குடலை எடுத்து, அவன் சொன்ன அதே வரப்பில் போடுவது என்று முடிவாகியிருந்தது. அதை ராமுவின் அப்பாதான் செய்ய வேண்டும் என்றார்கள். உன் தாத்தா கட்டிலருகே உட்கார்ந்து மகனுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

 என் மண்டைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அரிவாள் வளைந்தது, வீசி வெட்டுவது. அதனால் நீளமான வெட்டு விழும். அதன் மூக்கால் குத்தினாலும் சதை கிழியுமே தவிர இப்படி உருண்டையாகத் துளைக்காது. துணியையும் சேர்த்து உள்ளே தள்ளாது, அறுத்துவிடும். உருண்டையாகக் கூம்பி, கீழிருந்து மேலே தூக்கும் ஒன்று இதைச் செய்திருக்க வேண்டும். நான் செவலையைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கொம்பிலும் பித்தளைக் குப்பி பளபளவென்று இருந்தது. குப்பி போட்ட கொம்பால் இடிக்கலாம், குத்த முடியாது. அப்படியானால் மலைச்சாமி வேறு எதையோ வைத்துச் செய்திருக்கிறான் என்று ஒரு கணம் நானும் நினைத்தேன். மறுகணம் அந்த வழவழப்பான சிப்பி நினைவுக்கு வந்தது. இந்தக் குப்பி அப்போது அங்கே இருந்ததா? இல்லை. அதை மாட்டியதை நான் பார்த்தேனே. அது மட்டுமல்ல, குப்பிக்குக் கீழே தெரிந்த கொம்பில் சிவப்பே இல்லை. எத்தனை வைக்கோல் போட்டுத் தேய்த்தாலும் எண்ணெய் வர்ணம் இவ்வளவு சுத்தமாகப் போகாது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சரிபார்த்துவிட்டு வந்து சொல்லலாம் என்று கிணற்றடிக்கு நடந்தேன். அங்கே கொம்புச் சீவல்கள் சுருள் சுருளாகக் கிடந்தன. கடைசியாக விழுந்த சீவலின் உள்பக்கம் ரத்தம் கசிந்திருந்தது. கொம்பின் வெளிக்கூடு நகத்தைப் போன்றது. அதற்குள்ளே எலும்பு இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது, வலி இருக்கிறது. பண்டைக்கால மாட்டின் மண்டையோட்டில் நமக்குக் கிடைப்பது அந்த உள்ளெலும்பு மட்டும்தான், வெளிக்கூடு மட்கிப்போகும். அதனால் அதன் நுனி எவ்வளவு கூர் என்று யாருக்கும் தெரியாது. ராமு கூர் வரட்டும் என்று ஆழமாகச் சீவி, உயிர் உள்ள இடத்தைத் தொட்டுவிட்டான். பக்கத்துத் துவைகல்லில் வர்ண டப்பா இருந்தது. அதன் மூடி திறக்கப்படவே இல்லை. கடையில் ஒட்டிய காகிதம்கூடக் கிழியவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். நான் போகும்போது மலைச்சாமிக்கு இரண்டு கையும் இருந்தது. வரும்போது இடது கையைக் கல்லில் வைத்து உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அதற்குமேல் கத்தவில்லை. வாயிலிருந்து சாணியும் ரத்தமும் வழிந்தது. நான் கூட்டத்துக்குள் போகாமல் உன் அம்மாவிடம் போனேன். காதோடு சொன்னேன். அவள் டப்பாவின் மூடியைப் பார்த்தாள். தன் அப்பாவைப் பார்த்தாள். தம்பியின் தலையை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து தொழுவத்துக்குப் போனாள். அவள் வளர்ந்த வீடு, அவளுக்குப் பழகிய மாடு. மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "கழத்துங்க" என்றாள். நான் வலது கொம்புக் குப்பியைத் திருகி உருவினேன். உள்ளே இருந்த கொம்பு புதிதாகச் சீவி வெளுத்திருந்தது, ஊசிபோல. சீவிய வெடிப்பில் வைக்கோல் எட்டாத இடத்தில் ரத்தம் கருத்து உறைந்திருந்தது. அதில் பச்சை நூல் ஒன்று சிக்கியிருந்தது.

"போயிச் சொல்லுங்க" என்றாள்.

"மாமாதானே கழுவினாரு. இத எப்படி அவருகிட்ட…" என்றேன்.

"நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். எந்தம்பியத் தூக்கிப் பாத்தவன அடிச்சுக் கொல்லுறாக."

அவளே மாட்டை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வந்தாள். மாட்டைக் கண்டு கூட்டம் விலகியது.  டப்பாவை உன் தாத்தாவின் முன்னால் வைத்தேன். "மாமா, காலையில நீங்க கழுவுனது வர்ணம் இல்ல" என்று சொன்னேன். அவ்வளவுதான் வந்தது. வீரணன் என் சட்டையைப் பிடித்து, "வாத்தியாரே, கல்லு பொறுக்குறதோட நிப்பாட்டிக்கிரும்" என்று உலுக்கினான். உன் அம்மா அவன் கையைத் தட்டிவிட்டுக் கொம்பைக் காட்டினாள், நூலைக் காட்டினாள், ராமுவின் இடுப்புத் துண்டைக் காட்டினாள். ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். அடிப்பது நின்றது.

உன் தாத்தா டப்பாவை எடுத்து மூடியை விரலால் தடவினார். நெடுநேரம் தடவினார். "நாந்தேன கழுவுனேன்" என்றார். "ஏம்புள்ள ரத்தத்த நாந்தேன தேச்சுக் கழுவுனேன்." எழுந்தார். மலைச்சாமிக்காக வைத்திருந்த அரிவாளை வீரணன் கையிலிருந்து வாங்கினார். யாரும் தடுக்கவில்லை. முதல் வெட்டு செவலையின் முன்காலில் விழுந்தது. அது முழங்காலிட்டது. பிறகு கழுத்தில். ஒரே வெட்டில் சாகும் மிருகமில்லை அது. மாலையோடு சேர்த்து வெட்டினார். பூவும் ரத்தமும் எங்கள் மேலெல்லாம் தெறித்தன. அது கன்றுக்குட்டிபோல் அவரைப் பார்த்தே கத்தியது. அது சாய்கிறவரை உன் அம்மா கயிற்றை விடவில்லை. கயிறு இழுத்த இழுப்பில் அவள் உள்ளங்கை உரிந்துபோனது. நீ சின்ன வயதில் கேட்பாயே, அம்மா கையில் என்ன தழும்பு என்று. அதுதான்.

அதற்குப் பிறகு உன் தாத்தா எந்த மாட்டையும் குளிப்பாட்டவில்லை. என்னோடு அதிகம் பேசவும் இல்லை. ஒரே ஒரு தடவை, நாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது, "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் மாப்ள" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சொல்லாம இருந்தா நான் அவன வெட்டிருப்பேன்" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். எது அவர் மனசு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாகவே இருக்கலாம்.

மலைச்சாமி பிழைத்தான். போலீஸ் வந்து கேட்டபோதும் யார்மேலும் புகார் கொடுக்கவில்லை. ஊரைவிட்டுச் சிறுமலைக்குப் போய் வாழைத் தோட்டத்தில் காவலுக்கு இருந்தான். சில வருஷம் கழித்துத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டு அவனே வந்தான். இடது கை சுருங்கி, காய்ந்த வாழைச்சருகுபோல் தொங்கியது. நலம் விசாரித்தேன். பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டே, "வாத்தியாரே, நீங்க சொன்னதால உசுரு மிஞ்சுச்சு. செத்த வெரசாச் சொல்லிருந்தா இந்தக் கையும் மிஞ்சிருக்கும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு சீப்பு மலைவாழை கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

தாயி, உனக்குப் புத்தி சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. என் தொழிலில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் கழுத்தில் இருக்கும் தடங்கள் கிணற்றுக் கல்லில் மோதினால் விழும் தடங்களாக இருக்க முடியுமா என்று பார். முடியாது என்றால் முடியாது என்று எழுது. விரல் அழுத்தத்தோடு அவை பொருந்தினால் பொருந்துகிறது என்று எழுது. ரத்தம் கட்டியிருக்கிறது, ஆகையால் அப்போது உயிர் இருந்தது என்று எழுது. யாருடைய விரல் என்று எழுதாதே. உனக்கு அது தெரியாது, தடமும் அதைச் சொல்லாது. அவளைத் தூக்கிவந்தவர்கள் அவள் முகத்தைக் கழுவினார்களா, புடவை மாற்றினார்களா, நகையைக் கழற்றினார்களா என்று கேள். உன் மேஜைக்கு வருவதற்கு முன்னால் அந்த உருவத்தில் யார் கை பட்டது என்று தெரியாமல் எதையும் முடிவு செய்யாதே. நீ எழுதுவது யாரோ ஒரு தகப்பனின் தலையில் போய் விழும். அது எனக்குத் தெரியும். உன் தாத்தாவின் விரல் அந்த மூடியைத் தடவியதை நான் பார்த்தவன். ஆனாலும் எழுது. எனக்கிருந்த ஒரே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் கிணற்றடிக்கு நடந்துபோய் வந்த நேரத்தில் ஒரு மனிதனின் கை போனது. உனக்குச் சந்தேகமே இல்லை என்று உன் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. உனக்கு இருப்பது பயம். அது என்னிடமிருந்து வந்தது. அதை எனக்கு நன்றாகவே அடையாளம் தெரியும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் புறப்படுகிறோம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் கையிலேயே கொண்டுவந்து தருவேன். நேரில் பேசினால் பாதியை முழுங்கிவிடுவேன். அந்த இரண்டு பேர் மறுபடி வந்தால் உன் அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பாள். அவர்களோடு பேச வேண்டியதை அவள் பேசிக்கொள்வாள். நான் உள்ளே உன் மேஜைக்குப் பக்கத்தில் இருப்பேன். கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்கிய எழுத்தையும் கோர்ட்டில் படிக்க முடியும்.

அப்பா